சந்தானம் குழு கேட்டதும் கிடைத்ததும்

கல்லூரியில் நான் பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில், இரண்டு வெவ்வேறு தாள்களில் சந்தானம் என்ற பெயர் வரும். பொது நிதியியல் தாளில் இரண்டாவது நிதிக் குழுவின் தலைவர் கே.சந்தானம், இந்தியப் பொருளாதாரம் தாளில் ஊழல் தடுப்புக்கான சந்தானம் குழு. ஒருமுறை பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, இருவரும் ஒரே மனிதர்தானா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவர் நம் காவிரிக்கரைக்காரர் என்பதையோ, அவர் வாழ்க்கையின் பல திருப்பங்கள் திருச்சியைத் தொட்டுச் சென்றன என்பதையோ அன்று சொல்லத் தோன்றவில்லை. அந்தக் கடனை இப்போது தீர்க்க முயல்கிறேன்.

கஸ்தூரிரங்க சந்தானம் 1895-இல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். சட்டம் படித்தவர். 1920-இல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கியபோது, வழக்குரைஞர் தொழிலை விட்டு வெளியேறிய இளைஞர்களுள் அவரும் ஒருவர். 1925-இல் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவியபோது, உடன் சென்று அதன் நிர்வாகத்தைத் தாங்கியவர். கதர் நூற்பும் மதுவிலக்குப் பிரசாரமும் அங்கே முதன்மைப் பணிகள். கைத்தறி நெசவாளிக்குக் கூலி எவ்வளவு, நூலுக்கு விலை எவ்வளவு என்று அன்றாடம் கணக்குப் பார்த்த அனுபவம், பின்னாளில் கோடிகளைப் பங்கிட்டுக் கொடுத்த அவருடைய கைக்கு நல்ல பயிற்சியாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1930 ஏப்ரல் 13 அன்று, திருச்சி கண்டோன்மென்ட் பகுதியில் டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜனின் இல்லத்திலிருந்து ராஜாஜியின் தலைமையில் வேதாரண்யம் நோக்கி உப்பு சத்தியாகிரக யாத்திரை புறப்பட்டது. ஏறத்தாழ 100 தொண்டர்கள், 150 மைல், 15 நாள் நடை. அந்தச் சத்தியாகிரகத்தை முன்னின்று நடத்தியவர்களுள் சந்தானமும் இருந்தார். சிறை சென்றார்.

பிறகு பத்திரிகைப் பணி. 1930-களில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளேட்டின் ஆசிரியர். 1940-களில் தில்லியில் ஹிந்துஸ்தான் டைம்ஸ் இதழின் இணை ஆசிரியர். இடையே மத்திய சட்டப் பேரவை உறுப்பினர். எழுதும் கையும் விவாதிக்கும் நாவும் ஒருங்கே வாய்த்தவராக அவர் 1946-இல் அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைந்தார்.

அங்கே அவர் நிகழ்த்திய ஓர் உரை இன்றளவும் பள்ளிப் பாடநூல்களில் எடுத்தாளப்படுகிறது. 1947 ஆகஸ்டில், மத்திய அரசின் அதிகாரங்கள் பற்றிய அறிக்கை விவாதத்துக்கு வந்தது. பிரிவினைக் கலவரங்களின் நடுவே, வலுவான மத்திய அரசே தேவை என்பது அவையின் பொதுவான மனநிலை. சந்தானம் மாற்றுக் குரல் எழுப்பினார். எல்லாவற்றையும் தில்லியில் கொண்டுபோய்க் குவிப்பதால் மத்திய அரசு வலுப்பெறாது. தாங்கமுடியாத சுமையால் அது தளர்ந்துபோகும் என்பது அவர் வாதம். பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் சுகாதாரத்துக்கும் பணம் கேட்டு மாநிலங்கள் தில்லியின் வாயிலில் கையேந்தி நிற்கும் அரசமைப்பு தமக்கு வேண்டாம் என்றும், அப்படி ஆனால் சில ஆண்டுகளிலேயே மாநிலங்கள் மத்திய அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழும் என்றும் அவர் எச்சரித்தார். இதில் மாநில உரிமையைவிட நிர்வாகம் பற்றிய ஒரு நுட்பமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அளவுக்கு மீறிய அதிகாரத்தை ஓரிடத்தில் வைத்தால் அங்கே கோப்பு தேங்கும். கோப்பு தேங்கும் இடத்தில் என்ன முளைக்கும் என்பதை அவரே 17 ஆண்டுகள் கழித்து எழுத நேர்ந்தது.

1948 முதல் 1952 வரை அவர் ரயில்வே இணையமைச்சர். மன்னார்புரத்தில் வசிக்கும் எங்களுக்கு ரயில்வே சந்திப்பு நடந்து போகும் தொலைவுதான். ஆதலால் இந்தக் காலத்தை எளிதில் கடந்துவிட முடியாது. அதுவரை தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமாகத் திருச்சி விளங்கியது. 1951 ஏப்ரல் 14 அன்று மூன்று ரயில்வேக்களை இணைத்துத் தெற்கு ரயில்வே உருவானபோது தலைமையகம் சென்னைக்குப் போனது. திருச்சிக்குக் கோட்ட அலுவலகமும் பொன்மலைப் பணிமனையும் எஞ்சின. காவிரிக்கரைக்காரர் அமைச்சகத்தில் இருந்தும் இப்படி ஆயிற்றே என்று பழைய ரயில்வே குடும்பங்களில் குறைபட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். சொந்த ஊர்ப் பக்கத்துக்குச் சலுகை காட்டாதவர் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்வதா, குறையாகக் கொள்வதா என்பது அவரவர் விருப்பம்.

1952-இல் அவர் விந்தியப் பிரதேசத்தின் துணைநிலை ஆளுநராக ரேவா நகருக்குச் சென்றார். பின்னர் மத்தியப் பிரதேசத்தில் கலந்துவிட்ட அந்தச் சிறு மாநிலம் அப்போது ஒரு வழக்கால் நாடெங்கும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. பன்னா வைரச் சுரங்கக் குத்தகை தொடர்பாக 25,000 ரூபாய் கையூட்டுப் பெற்றதாக அம்மாநிலத்தின் முன்னாள் தொழில் அமைச்சர் 1949-இல் தில்லியில் கைதுசெய்யப்பட்டிருந்தார். 1954-இல் உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. அமைச்சரையும் சட்டம் தொடும் என்பதற்கு அது அரிய எடுத்துக்காட்டு.

அடுத்து 1956-இல் இரண்டாவது நிதிக் குழுவின் தலைவர் பொறுப்பு. வருமான வரியில் மாநிலங்களின் பங்கை 55 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தியது அக்குழு. அதைப் பிரிப்பதில் 90 சதவீதம் மக்கள்தொகைக்கும், 10 சதவீதம் மட்டுமே வசூலுக்கும் எடை கொடுத்தது. மத்திய கலால் வரியில் மூன்று பண்டங்கள் மட்டுமே பகிரப்பட்டுவந்த நிலையை மாற்றி, எட்டுப் பண்டங்களின் வரியில் 25 சதவீதத்தை மாநிலங்களுக்கு அளித்தது. 1947-இல் அவையில் பேசியதை 1957-இல் அவரால் ஓரளவு செயலாக்க முடிந்தது. ஓரளவுதான்; ஏனெனில் அதற்குள் திட்டக் குழு வளர்ந்துவிட்டது. திட்டமிடல் கூட்டாட்சியை விழுங்கிவிட்டது என்ற கருத்தை 1960-இல் வெளிவந்த தம் மத்திய - மாநில உறவுகள் பற்றிய நூலில் அவர் தயங்காமல் முன்வைத்தார். ஊராட்சிகளின் நிதி நிலையை ஆராய்ந்த 1963-ஆம் ஆண்டுக் குழுவுக்கும் அவரே தலைவர். ஊராட்சிகளுக்கென்று தனி நிதிக் கழகம் வேண்டும் என்று அக்குழு கேட்டது. கிடைக்கவில்லை.

அவர் பெயரை நிலைநாட்டிய பணிக்கு இப்போது வருகிறேன். 1962 ஜூனில் மக்களவையில் உள்துறை மானியக் கோரிக்கை விவாதம் நடைபெற்றது. முந்த்ரா விவகாரத்தில் நிதியமைச்சர் ஒருவர் பதவி விலகிய நினைவு ஆறாத காலம். அரசு அலுவலகங்களில் பெருகிவரும் ஊழலைக் கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் சாடினர். உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தற்காப்பில் இறங்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் அதிகாரிகளுடன் அமர்ந்து இதை முழுமையாக ஆராயட்டும் என்றார். அப்படி அமைந்த ஊழல் தடுப்புக் குழுவின் தலைமை சந்தானத்திடம் வந்தது. நாத் பாய் போன்ற எதிர்க்கட்சி உறுப்பினர்களும், சிறப்புக் காவல் பிரிவின் தலைவரும் பின்னர் சிபிஐ அமைப்பின் முதல் இயக்குநருமான டி.பி.கோலியும் அதில் இடம்பெற்றனர். 1964 மார்ச் 31 அன்று இறுதி அறிக்கை அளிக்கப்பட்டது.

அரசுக் குழுக்களின் அறிக்கைகள் பலவற்றைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவற்றில் பெரும்பாலானவை பூசி மெழுகுபவை. இந்த அறிக்கை அப்படிப்பட்டதன்று. பொதுப்பணிக் கட்டுமானங்களில் ஒப்பந்தத் தொகையில் 7 முதல் 11 சதவீதம் வரை வழக்கமாகக் கைமாறுகிறது என்றும், அது மேலிருந்து கீழ்வரை ஏற்கெனவே பேசிவைத்த விகிதத்தில் பங்கிடப்படுகிறது என்றும் சாட்சிகள் கூறியதை அது அப்படியே பதிவு செய்தது. நிறுவனங்கள் அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தருவதை முற்றாகத் தடை செய்ய வேண்டும் என்றது. தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தபோது, இது 60 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டதாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இந்த அறிக்கையின் தனிச்சிறப்பு, விரைவுப் பணம் பற்றி அது கூறுவதில் இருக்கிறது. பெரும்பாலான மக்கள் சட்டத்துக்குப் புறம்பான ஒன்றைப் பெறுவதற்காகக் கையூட்டுத் தருவதில்லை; தமக்கு உரியதைக் காலத்தோடு பெறுவதற்காகவே தருகிறார்கள் என்று குழு கண்டது. அதே 1964-இல் அமெரிக்கப் பொருளியலர் நத்தானியேல் லெஃப், வளரும் நாடுகளில் கையூட்டு நிர்வாகச் சக்கரத்துக்கு எண்ணெய் போன்றது, வளர்ச்சிக்கு உதவவும் கூடும் என்று எழுதினார். அது பல்கலைக்கழகங்களில் வெகுநாள் செல்வாக்குப் பெற்ற வாதம். அதை மறுத்த குன்னர் மிர்டால், 1968-இல் வெளிவந்த தம் ஆசிய நாடகம் நூலில் சந்தானம் குழுவின் அறிக்கையைத்தான் ஆதாரமாகக் கொண்டார். கையூட்டுக் கிடைக்கும் என்று தெரிந்தால், அதைப் பெறுவதற்காகவே தாமதத்தை உண்டாக்குவார்கள். சக்கரம் சுழல எண்ணெய் விடுகிறவர்தான் சக்கரத்தில் மணலையும் போடுகிறவர் என்பது அந்த மறுப்பின் சாரம். ஸ்வீடன் நாட்டு அறிஞருக்குத் தஞ்சைத் தமிழர் தலைமையிலான குழு வாதம் எடுத்துக்கொடுத்தது நமக்குப் பெருமைதான்.

நோய் இன்னதென்று கண்ட பிறகு குழு தந்த மருந்து என்ன? மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம். அதை ஒரே வேலைக்கான அமைப்பாக அது கருதவில்லை. ஊழல் புகாரை விசாரிக்க ஒரு பிரிவு. அதோடு, பொதுமக்களின் பொதுவான முறையீடுகளைக் கேட்டுத் தீர்வு காண இன்னொரு பிரிவு என்று வகுத்தது. காலதாமதமும் அலட்சியமும் பாரபட்சமும் ஊழலின் விளைநிலங்கள். ஆதலால் அவற்றைக் கேட்கும் காதும் துறைகளுக்கு வெளியே, சுதந்திரமான இடத்தில் இருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. ஸ்வீடனில் 1809 முதலும், டென்மார்க்கில் 1955 முதலும், நியூசிலாந்தில் 1962 முதலும் இயங்கிவரும் முறைமன்ற நடுவர் பதவியின் இயல்பு இந்த இரண்டாவது பிரிவில் இருந்தது.

அமைச்சர்களுக்கும் தனி ஏற்பாட்டைக் குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றத்திலோ சட்டப்பேரவையிலோ 10 உறுப்பினர்கள் எழுத்துமூலம் குற்றம் சாட்டினால், குடியரசுத் தலைவர் நியமித்த தேசியப் பட்டியலிலிருந்து தெரிவுசெய்யப்படும் குழுவின் விசாரணைக்கு அதைப் பிரதமரோ முதல்வரோ அனுப்பியாக வேண்டும் என்றது.

அரசு இடைக்கால அறிக்கையை ஏற்றுக்கொண்டு, 1964 பிப்ரவரி 11-இல் ஒரு தீர்மானத்தின் மூலம் கண்காணிப்பு ஆணையத்தை அமைத்தது. மைசூர் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி நிட்டூர் சீனிவாச ராவ் முதல் ஆணையரானார். ஆனால், முறையீட்டுப் பிரிவு கைவிடப்பட்டது. அதையும் சேர்த்தால் ஆணையத்தின் சுமை மிகுந்துவிடும் என்று காரணம் சொல்லப்பட்டது. குறைகளை அந்தந்த அமைச்சகமே பார்த்துக்கொள்ளும் என்றாயிற்று. அமைச்சர்கள் மீதான விசாரணைக்குச் சுதந்திரமான குழுவும் ஏற்கப்படவில்லை. 1964 அக்டோபரில் அமைச்சர்களுக்கான நடத்தை விதிகள் மட்டும் வந்தன. கிடைத்த ஆணையமும் அறிவுரை சொல்லும் அமைப்பாகவே இருந்தது. சட்ட அடிப்படை பெற அதற்கு 1997-ஆம் ஆண்டு வினீத் நாராயண் வழக்கின் தீர்ப்பும் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் தேவைப்பட்டன.

முறைமன்ற நடுவர் என்றால் யார் என்பதில் நம்மிடையே ஒரு குழப்பம் இருக்கிறது. மேடையில் இதைப் பற்றிப் பேசுவோர் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைச் சொல்லாமல் இருப்பதில்லை. எனக்கு அந்த உவமையில் உடன்பாடில்லை. மணி தொங்கியது அரசனின் வாயிலில். கேட்டவனும் தீர்ப்பளித்தவனும் அரசனே. அவன் அறவோனாக இருந்தது திருவாரூர்ப் பசுவின் நற்பேறு. முறைமன்ற நடுவர் என்ற ஏற்பாடோ, அரசன் அறவோனாக இல்லாவிட்டாலும் முறையீடு கேட்கப்பட வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. அவரை நியமிப்பது நாடாளுமன்றம். அவர் பதில் சொல்வதும் நாடாளுமன்றத்துக்கே. கோப்புகளைக் கேட்டு வாங்கலாம். அதிகாரியை அழைத்து விசாரிக்கலாம். தாமே முன்வந்தும் விசாரணை தொடங்கலாம். ஆனால், ஓர் ஆணையை ரத்து செய்யவோ, மாற்றி எழுதவோ பெரும்பாலான நாடுகளில் அவருக்கு அதிகாரம் கிடையாது. தவறு இன்னது, திருத்தம் இன்னது என்று பரிந்துரைப்பார். கேட்காவிட்டால் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைப்பார். இவ்வளவு குறைந்த அதிகாரத்தோடு இரண்டு நூற்றாண்டுகளாக ஸ்வீடனில் அந்தப் பதவி மதிப்புடன் நிற்கிறது. முறையீடு செய்ய அங்கே கட்டணம் இல்லை, வழக்குரைஞர் வேண்டியதில்லை, ஒரு கடிதம் போதும்.

இந்தியாவில் லோக்பால் என்ற பெயரை 1963-இல் நாடாளுமன்ற உறுப்பினர் எல்.எம்.சிங்வி உருவாக்கினார். சந்தானம் குழு கேட்டுக் கிடைக்காததை மொரார்ஜி தேசாய் தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1966-இல் லோக்பால், லோக் ஆயுக்த என்ற வடிவில் மீண்டும் கேட்டது. 1968-இல் மசோதா வந்தது. மக்களவையில் நிறைவேறியும், அவை கலைக்கப்பட்டதால் காலாவதியானது. 1971-இல் மீண்டும் வந்தது, அதுவும் காலாவதி. 1977-இல் ஜனதா அரசு கொண்டுவந்த மசோதா, 1979 ஆகஸ்டில் அவை கலைந்தபோது மறைந்தது. அடுத்த ஆண்டு, 1980-இல், சந்தானம் காலமானார். தாம் கேட்ட கதவு மூன்று முறை பாதி திறந்து மூடியதை அவர் பார்த்துவிட்டே போனார்.

பின்னர் நடந்தது வாசகர்கள் அறிந்ததே. 2013 டிசம்பரில் லோக்பால் சட்டம் நிறைவேறியது. முதல் தலைவர் பதவியேற்க 2019 மார்ச் ஆயிற்று. தமிழ்நாட்டில் லோக் ஆயுக்த சட்டம் 2018-இல் வந்தது. இந்தச் சட்டங்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால், இரண்டுமே ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ்வரும் குற்றங்களுக்கானவை. 1966-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் ஊழல் குற்றச்சாட்டு, நிர்வாகக் குறைபாடு இரண்டும் இருந்தன. கர்நாடகத்தின் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், கேரளத்தின் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நிர்வாகக் குறைபாடு பற்றியும் முறையிட இடமுண்டு. நம் சட்டத்தில் அது இல்லை. மேலும், பொய்ப் புகாருக்குச் சிறைத் தண்டனை வரை லோக்பால் சட்டம் பேசுகிறது. கையூட்டை நிரூபிக்கும் வலுவில்லாத சாமானியர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். குடும்ப ஓய்வூதியம் பெறுபவர். 80 வயது நிறைந்தால் கிடைக்க வேண்டிய கூடுதல் ஓய்வூதியம் அவருக்கு வரவில்லை. ஓய்வூதிய ஆணையில் அவருடைய பிறந்த தேதி பதிவாகவில்லை என்பதே காரணம். ஆதார் அட்டையும் பள்ளிச் சான்றும் இணைத்து மனு எழுதிக்கொடுத்தேன். யாரும் அவரிடம் காசு கேட்கவில்லை. அதுதான் சிக்கலே. காசு கேட்டிருந்தால் ஊழல் தடுப்புத் துறைக்குப் போகலாம். சந்தானம் குழுவின் காலத்தில், 1964-இல், தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட துறை அது. இங்கே நடந்தது வெறும் தாமதம். மேலிடத்துக்கு அனுப்பிய மனு, எந்த அலுவலகத்தைப் பற்றி முறையிட்டோமோ அதே அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்தே பதில் வந்தது. மனு பரிசீலனையில் உள்ளது. எனவே, முடித்துவைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. பரிசீலனையில் உள்ள ஒன்று எப்படி முடிந்ததாகும் என்று அவர் என்னைக் கேட்டார். முனைவர் பட்டம் பெற்றவனுக்கும் விடை தெரியவில்லை.

இதே அம்மாவுக்கு முன்பொரு சமயம் வங்கியில் ஒரு தொகை தவறாகப் பிடிக்கப்பட்டது. கிளையில் பலனில்லை, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதினோம். கட்டணம் ஏதும் இல்லை. எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. வங்கியின் ஊழியர் அல்லாத ஒருவர் கோப்பைக் கேட்டார் என்பதே போதுமானதாக இருந்தது. பணம் திரும்ப வந்தது. வங்கி வாடிக்கையாளருக்கு 1995 முதல் கிடைத்திருப்பது, அரசின் வாயிலில் நிற்பவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. உள்ளாட்சி அமைப்புகளுக்கு முறைமன்ற நடுவம் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாட்டில் அமைந்திருக்கிறது. அதைப் போல் மாநில அரசின் துறைகளுக்கும் ஒன்று அமைவதற்கு அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. லோக் ஆயுக்த சட்டத்தில் நிர்வாகக் குறைபாடு என்ற சொல்லைச் சேர்த்து, அதற்கென ஒரு பிரிவையும் அமைத்தால், சந்தானம் குழு கேட்ட அந்த இரண்டாவது பிரிவு நமக்குக் கிடைத்துவிடும்.

மூதாட்டிக்காக மூன்றாவது மனுவை எழுதி முடித்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அவருக்கு வரும் ஆவணியில் 82 முடிகிறது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), மன்னார்புரம், திருச்சி.